அணைக்கும் வரை இருக்கும் கோப்பு

ஆயுத பூஜை அன்று காலை நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது கல்லுடைக்கும் கிரஷரின் மேனேஜர் போனில் கூப்பிட்டார்.

"எம்மா, சிஸ்டத்துல எடம் இல்லேங்குது. எடைமேடையில பில்லு வரமாட்டேங்குது. பழசு எல்லாத்தையும் அழிச்சுட்டேன். அப்பவும் எடம் வரலையே."

"எதையெல்லாம் அழிச்சீங்க சார்?"

"கேமரா ஃபைலுதான். பெருசு பெருசா கெடந்துச்சு. அது எதுக்கு நமக்கு?"

புதுக்கோட்டை பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மாடிக் கடையில் எங்கள் அலுவலகம். கிரஷர், அரிசி ஆலை, எடைமேடை போன்ற இடங்களில் பில் போடும் கணினியையும் கேமராவையும் பொருத்திக் கொடுத்துப் பராமரிப்பது வேலை. வரும் புகார்களை வயர், மனிதர், மெஷின் என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறேன். பெரும்பாலும் அந்த வரிசையிலேயே தேடினால் காரணம் கிடைத்துவிடும். அழித்த பிறகும் இடம் வரவில்லை என்பது மூன்றாவது வகை. அதற்கு வழக்கமான காரணம் ஒன்று, வழக்கமான பதிலும் ஒன்று. அணைத்துவிட்டுப் போடுங்கள். எத்தனையோ பேருக்கு இதை யோசிக்காமல் சொல்லியிருக்கிறேன்.

அன்று சொல்ல முடியவில்லை. அந்தக் கேமராவில் எதுவுமே பதிவாகவில்லை என்று இதே மேனேஜர் முந்தின வாரம்தான் என்னிடம் சொல்லியிருந்தார்.

நார்த்தாமலை நிறுத்தத்தில் இறங்கி உள்ளே போகும் மண்சாலையின் முடிவில் இருக்கிறது அந்த கிரஷர். அங்கே ஒரு வழக்கம் உண்டு. ஓடாமல் நிற்கும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் வேலை பார்க்கப் போகிறவர், தன் துண்டைப் பேனலில் ஸ்டார்ட் பொத்தானின் மேல் தொங்கவிட்டுப் போவார். பூட்டுப் போடும் வசதியுள்ள பேனல்தான். பூட்டு எங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. துண்டு போதும் என்று இருந்துவிட்டார்கள். துண்டு தொங்கினால் யாரும் பொத்தானைத் தொடமாட்டார்கள். போனவரே திரும்பி வந்து அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்ட பிறகுதான் பெல்ட் ஓடும். கேமரா மாட்டப் போன அன்று இதை எனக்குச் சொன்னவர் பெல்ட் ஆபரேட்டர், ஆவூர்க்காரர். அவர் காட்டிய இடத்தில்தான் பேனலுக்கு நேராக ஒரு கேமராவைப் பொருத்தினேன்.

அந்தப் பெல்ட் ஒரு நண்பகலில், ஃபிட்டர் அடியில் இருக்கும்போதே ஓடியது. ஃபிட்டர் அறந்தாங்கிப் பக்கத்து ஆள். வலது கை முழங்கை வரை போய்விட்டது. திருச்சி ஆஸ்பத்திரியில் கிடந்தார். யார் ஓட்டினார்கள் என்பதை அவர் பார்க்கவில்லை, பார்க்க வழியுமில்லை. துண்டே தொங்கவில்லை, ஆபரேட்டர் கவனிக்காமல் போட்டுவிட்டார் என்று மேனேஜர் போலீஸிடம் சொன்னார். ஆபரேட்டரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அவர் மேல் வழக்குப் பதியப்போகிறார்கள் என்று பேச்சு.

சில நாள் கழித்து ஆபரேட்டர் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். உட்காரச் சொன்னேன். நின்றுகொண்டே பேசினார்.

"தங்கச்சி, பேனலுக்கு நேரா ஒரு கேமரா மாட்டுனீங்கள்ல. அது பாத்திருக்கும்ல?"

"பாத்திருக்கணும்ணே."

"துண்டு தொங்குனதப் பாத்துட்டுத்தான் நான் சாப்பிடப் போனேன். பச்சைக் கட்டம் போட்ட துண்டு. அத நான் எடுக்கல. ஊருல எவன் என்ன சொன்னாலும் தாங்கிக்கிருவேன். ஃபிட்டர் பொண்டாட்டி ஆஸ்பத்திரியில என் மூஞ்சியப் பாக்காம திரும்பிக்கிருச்சு. அதத்தான் தாங்க முடியல."

அவர் எதிரிலேயே மேனேஜருக்குப் போன் செய்தேன். எலி வயரைக் கடித்துவிட்டது, ரொம்ப நாளாகக் கேமரா ஓடவில்லை என்றார். போனை வைத்துவிட்டு ஆபரேட்டரிடம் அதைச் சொன்னேன். அவர் தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"எலி நல்ல நேரம் பாத்துத்தான் கடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

பூஜை அன்று காலை வாயில் பற்பசையுடன் நான் இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். பதிவே இல்லை என்றால் பெரிது பெரிதாகக் கிடந்தது என்ன? அதை அழித்தும்விட்டார் என்றால், இப்போது கணினியின் வட்டை, அதாவது டிஸ்க்கை, அடைத்துக்கொண்டிருப்பது எது?

"நேர்ல வாரேன் சார். அதுவரைக்கும் ஆஃப் பண்ணிடாதீங்க" என்றேன்.

"ஆஃப் பண்ணாதேன்னு நீயே ஸ்டிக்கரு ஒட்டி வச்சிருக்கியே, யாரு தொடுவா? ஆனா மதியம் பூஜைக்கு எல்லாத்தையும் நிறுத்திருவோம். அதுக்குள்ள வந்துரு."

அந்த ஸ்டிக்கர் உண்மை. ஒருமுறை யாரோ அணைத்துப் போட்டு, எடைமேடை அரை நாள் எழுந்திருக்காமல், லாரிகள் சாலை வரை நின்றன. அதற்குப் பிறகு சிவப்பு எழுத்தில் நானே ஒட்டியது. அதன்படி அந்தக் கணினி ஆண்டு முழுவதும் ஓடும். ஆயுத பூஜை அன்று மட்டும் ஓய்வு. மறுநாள் விஜயதசமிக்குப் புதிதாகப் போடுவார்கள்.

பேருந்தில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. எதிரே வந்த லாரிகளுக்கெல்லாம் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள்.

கல்லூரியில் இயங்குதளம் எங்களுக்கு ஒரு பாடம். எல்லோரும் தேர்வுக்குப் படித்தார்கள். எனக்கு அதன் பழைய கதைகளில் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. ஆரம்ப காலத்தில் ஒரு கணினிக்கு ஒரு நேரத்தில் ஒரு ஆள். பிழை தேட வேண்டுமென்றால் முழு இயந்திரத்தையும் நிறுத்திவிட்டு, முகப்பில் வரிசையாக எரியும் விளக்குகளைப் பார்த்து, உள்ளே என்ன எண் இருக்கிறது என்று படிப்பார்கள். ஒரு கட்டளை ஓடவிடுவார்கள், மறுபடி நிறுத்திப் பார்ப்பார்கள். அது கட்டுப்படியாகாது என்று ஆனபோது, நிரல் செத்ததும் நினைவகம் மொத்தத்தையும் எண்களாகக் காகிதத்தில் அச்சடித்து மேசைக்கு எடுத்துப் போனார்கள். பிரேதப் பரிசோதனை போலத்தான். அந்தக் கால நினைவகம் கம்பிகளில் கோத்த மிகச் சிறிய இரும்பு வளையங்கள். அந்த வளையத்தின் பெயர் கோர். வளையங்கள் போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இன்றும், எங்கள் கணினிகளில் ஓடும் லினக்ஸ் இயங்குதளத்தில் ஒரு நிரல் செத்தால் அது விட்டுப் போகும் கோப்புக்குக் கோர் என்றே பெயர்.

அந்த முறையில் ஒரு குறை உண்டு. செத்த பிறகுதான் பார்க்க முடியும்.

இன்னொரு பழைய முடிவும் அன்று எனக்குத் தேவைப்பட்டது. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸை எழுதியவர்கள் தொடக்கத்திலேயே கோப்பையும் அதன் பெயரையும் பிரித்துவிட்டார்கள். பெயர் ஃபோல்டரில் ஒரு வரி மட்டுமே. கோப்பு என்பது வட்டில் வேறோர் இடத்தில், எண் மட்டும் கொண்டு கிடக்கும். தன்னை எத்தனை பெயர்கள் சுட்டுகின்றன என்ற கணக்கை அது வைத்திருக்கும். நாம் அழிப்பது பெயரைத்தான். அந்தக் கட்டளைக்கே அவர்கள் வைத்த பெயர் அன்லிங்க், அதாவது இணைப்பைக் கழற்று. கடைசிப் பெயரும் போய், அந்தக் கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல் எதுவும் இல்லை என்று ஆகும்போதுதான் அதன் இடம் மற்றவற்றுக்குக் கொடுக்கப்படும். ஒரு நிரல் பிடித்துக்கொண்டிருக்கும் வரை, பெயரில்லாமல், எந்த ஃபோல்டரிலும் தென்படாமல், கோப்பு முழுசாக இருக்கும். இடத்தையும் அடைத்துக்கொண்டிருக்கும்.

எங்கள் கேமராப் பதிவு நிரல் மோசமாக எழுதப்பட்டது. ஒரு கோப்பைத் திறந்தால் தன்னை நிறுத்தும் வரை அதிலேயே எழுதிக்கொண்டு போகும்.

கிரஷருக்குள் நுழைந்தபோது ஜல்லி உடையும் சத்தம் வழக்கம்போல நெஞ்சுக்குள் இறங்கியது. இன்னும் எதையும் நிறுத்தவில்லை. அந்தச் சத்தம் எனக்கு அன்றைக்குப் போல் எப்போதும் நிம்மதி தந்ததில்லை. எடைமேடைக்கு முன் கடைசி லாரிகளுக்குக் கையால் பில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பெல்ட்டுக்கு அடியில், விபத்து நடந்த இடத்தில், உடைப்பதற்காக ஒரு பெரிய பூசணிக்காய் வைத்திருந்தார்கள். மேலே வெட்டி உள்ளே குங்குமம் திணித்திருந்தது. வெட்டிய வாயிலிருந்து சிவப்பு வழிந்து சிமெண்டுத் தரையில் காய்ந்திருந்தது.

மேனேஜர் அலுவலக அறையில் புதுச் சட்டையில் இருந்தார். ஐம்பது வயதிருக்கும். எப்போது போனாலும் முதலில் டீ சொல்லிவிட்டுத்தான் பேசுவார். அன்றும் சொன்னார்.

"பூஜ அன்னைக்கும் ஒன்ன அலைய விட்டுட்டேன். ஆஃப் பண்ணிப் போட்டா வந்துரும்னு எடைமேடைப் பையன் சொல்றான். அப்படித்தானா?"

"வந்துரும் சார். அதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துர்றேன்."

"பாரு, பாரு."

கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தேன். ஓடும் நிரலுக்குள் எட்டிப் பார்க்கும் வழியும் அந்தப் பழைய பிழை தேடலிலிருந்து வந்ததுதான். ஒரே கணினியில் பலர் வேலை செய்யத் தொடங்கிய பிறகு, ஒருவரின் பிழைக்காக எல்லோரையும் நிறுத்த முடியாது என்று ஆனது. ஓடும் நிரலை ஓடும்போதே பார்க்க வேண்டியிருந்தது. முதலில் செய்து வைத்த வழி மிகக் குறுகலானது. உள்ளே இருக்கும் எண்களை ஒவ்வொன்றாகத்தான் கேட்டு வாங்க முடியும். பூட்டிய அறைக்குள் இருப்பவரிடம் சாவித் துவாரம் வழியாகப் பேசுவது போல. பிறகு யாருக்கோ தோன்றியது: அச்சு இயந்திரத்தையும் வட்டையும் ஏற்கெனவே கோப்பு மாதிரிதான் காட்டுகிறோம், ஓடும் நிரலையும் ஒரு கோப்பாகக் காட்டினால் என்ன? ப்ராக் என்று ஒரு ஃபோல்டர் வந்தது. வட்டில் அது கிடையாது. நாம் படிக்கும் கணத்தில் இயங்குதளம் அதை உண்டாக்கிக் காட்டும். ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் அதில் ஓர் எண். பின்னால் வந்த லினக்ஸில் அந்த எண்ணுக்குள் போனால், அந்த நிரல் எந்தெந்தக் கோப்புகளைக் கையில் பிடித்திருக்கிறது என்ற வரிசையும் இருக்கும்.

பதிவு நிரலின் எண்ணுக்குள் போனேன். வரிசையில் நான்காவதாக இருந்தது. பேனல் கேமராவின் பெயர், பதிவு தொடங்கிய தேதியாக விபத்துக்கு முந்தைய ஒரு நாள், கடைசியில் அடைப்புக்குறிக்குள் 'அழிக்கப்பட்டது' என்ற குறிப்பு.

மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றிருந்தார். அவருக்கு அந்தத் திரை புரியாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுத்தைச் சின்னதாக்கிக்கொண்டேன்.

"என்னம்மா தெரியுது?"

"ஒரு ஃபைலு இன்னும் விடாம இருக்கு சார். அதான் எடத்த அடைக்குது."

"அழிச்சதா?"

"ஆமா சார்."

அவர் திரையை நோக்கிக் குனிந்தார். "அப்ப நிறுத்தினாப் போயிரும்ல?"

"போயிரும்."

அது பொய் இல்லை. கணினி திடீரென்று செத்தாலும் திரும்ப எழும்போது வட்டைச் சரிபார்க்கும். அந்தக் காலத்தில் சின்னச் சின்னக் கருவிகளை வைத்துக்கொண்டு மனிதர்கள் கையால் செய்த வேலை அது, பிறகு ஒரே நிரலாயிற்று. பெயர் தொலைத்த கோப்புகளைச் சேர்த்து வைக்கத் தனி ஃபோல்டர்கூட வைத்தார்கள். ஆனால் பெயர் கணக்கு பூச்சியமாகிவிட்ட கோப்புக்கு அங்கேயும் இடம் கிடையாது. எழுந்ததும் முதல் வேலையாக அதைத் துடைத்துவிடும்.

பையிலிருந்து ஹார்ட் டிஸ்க்கை எடுத்துச் செருகினேன். இடத்தைச் சரிசெய்யத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நகலெடுக்கச் சொல்லவில்லை. எடுக்காதே என்றும் சொல்லவில்லை. கட்டளையை அடித்தேன். பழைய கணினி, பெரிய கோப்பு. எண்கள் மெதுவாக ஏறின.

அப்போது பெரிய கிரஷர் நின்றது.

அதுவரை காது பழகியிருந்த சத்தத்தில் ஒரு பெரிய துண்டு காணாமல் போனது. அடுத்து சல்லடை நின்றது. பூஜைக்கு இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு வந்தார்கள். நிறுத்தியதற்குச் சந்தனம், குங்குமம். பொட்டு வைத்துவிட்டால் அப்புறம் மறுநாள் வரை அதை யாரும் தொடக்கூடாது. முதல் பெல்ட் நின்றது. இரண்டாவது நின்றது. அமைதி முற்றத்தைக் கடந்து அலுவலகத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. திரையில் பாதிகூட ஆகவில்லை.

அங்கே கூட்டிப் பெருக்கும் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு உள்ளே வந்தார். பிரிண்டருக்கு ஒரு பொட்டு, தராசுப் பெட்டிக்கு ஒன்று, மேனேஜரின் நாற்காலிக்கு ஒன்று.

"தள்ளு பாப்பா. இதுக்கும் வச்சுட்டாச் சாமி கும்பிட்றலாம்."

"ஓடிக்கிட்டு இருக்குக்கா. நின்னதும் வைங்க."

"ஓடுறப்ப வச்சா என்ன? மாட்டுக்கெல்லாம் நிறுத்திட்டா வைக்கிறோம்? அதுவும் இதுக்கு ஃபேனு, ஏசி. வெயில்ல கெடக்குற எனக்கு ஒருத்தரும் பொட்டு வைக்கல."

"நீ ஓடுற மிஷினா? நிக்கிற மிஷினு" என்றார் மேனேஜர்.

"நின்னா நீங்கதான் வந்து கூட்டணும்" என்று சொல்லிவிட்டு, மானிட்டரின் நெற்றியில் சந்தனத்தை வைத்தார். ஒரு துளி திரையில் ஏறும் எண்களின் மேல் வழிந்தது. நான் துடைக்கவில்லை.

வெளியே ஜெனரேட்டரும் நின்றது. அதன் பிறகு அந்த இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது யு.பி.எஸ். பேட்டரியில் இந்தக் கணினி ஒன்றுதான். அதன் விசிறிச் சத்தம் இவ்வளவு பெரிதா என்று இருந்தது. மேனேஜர் கிண்ணத்திலிருந்து சந்தனம் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். கை துடைக்க எதையோ தேடினார். பிரிண்டர் மேல் கிடந்த துணியை எடுத்து, ஒவ்வொரு விரலாக நிதானமாகத் துடைத்து, அதைத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நல்ல நேரம் முடியப் போவுதும்மா."

"ஒரு நிமிஷம் சார்."

"அப்படி என்னதான் பண்ணுது அது?"

"மூடுது சார்."

அதுதான் அன்று நான் சொன்ன பொய். நகல் முடிந்தது. ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பைக்குள் வைத்த பிறகு கணினியை நானே அணைத்தேன். விசிறி சுற்றி ஓய்ந்தது. பூசணிக்காயைத் தரையில் அடித்து உடைத்தார்கள். பொரியும் சுண்டலும் ஒரு பொட்டலத்தில் கட்டி, மேனேஜர் தன் கையாலேயே கொடுத்தார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.

வீட்டிலும் பூஜை. அம்மா என் லேப்டாப்பை வாங்கிப் புத்தகங்களோடு அடுக்கினாள். பையில் வேறென்ன என்று கேட்டாள். ஹார்ட் டிஸ்க்கையும் கொடுத்தேன். அதற்கும் ஒரு பொட்டு விழுந்தது. கொடுக்காமல் அன்றே திறந்து பார்த்திருக்கலாம்; பார்க்கவில்லை. கோப்பு இனி போகாது என்ற தைரியம் ஒரு காரணம். பார்ப்பதைத் தள்ளிப்போட ஒரு சாக்கு கிடைத்தது இன்னொரு காரணம்.

மறுநாள் காலை எல்லோரும் நல்ல காரியம் தொடங்கும் நேரத்தில் அதைத் திறந்தேன். சத்தமில்லாத படம். பேனலில் பச்சைக் கட்டம் போட்ட துண்டு தொங்குகிறது. ஆபரேட்டர் வருகிறார், துண்டைப் பார்க்கிறார், தூக்குவாளியை எடுத்துக்கொண்டு போகிறார். கொஞ்ச நேரம் யாருமில்லை. பிறகு மேனேஜர் வருகிறார். எதையோ தொட்டுவிட்டு வந்திருக்கிறார், கையில் கிரீஸ். சுற்றிலும் பார்க்கிறார். துண்டை எடுக்கிறார். ஒவ்வொரு விரலாக நிதானமாகத் துடைத்து, அதைத் தோளில் போட்டுக்கொள்கிறார். வெளியே நிற்கும் லாரிகளை எட்டிப் பார்க்கிறார். பொத்தானை அழுத்துகிறார்.

அப்புறம் தலையைச் சட்டென்று திருப்புகிறார். நிறுத்தும் பொத்தான் எது என்று அவர் கை தேடுகிறது. அழுத்திவிட்டு, அப்படியே நின்று, தன் தோளைப் பார்க்கிறார்.

ஆபரேட்டரை வரச் சொன்னேன். இரண்டு முறை பார்த்தார். இரண்டாம் முறை முடியும் முன்பே மூடச் சொன்னார்.

"தெரிஞ்சு செய்யலண்ணே. அது மட்டும் தெரியுது" என்றேன்.

"தெரியாமத்தான் செஞ்சாரு. தெரிஞ்ச பெறகுதானே என்னயச் சொன்னாரு?"

மூன்று நகல் எடுத்தேன். ஒன்று அவருக்கு, ஒன்று அவர் பார்த்து வைத்திருந்த வக்கீலுக்கு, ஒன்று எனக்கு. முதலில் ஃபிட்டரின் மனைவிக்குக் காட்டிவிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன் என்றார் ஆபரேட்டர். திருச்சி பேருந்தில் ஏறியதும் ஒருமுறை போன் செய்தார். அதன் பிறகு செய்யவில்லை.

மாலையில் மேனேஜர் கூப்பிட்டார்.

"சிஸ்டம் போட்டாச்சும்மா. எடம் பூரா வந்துருச்சு. பில்லும் ஓடுது."

"நல்லது சார்."

அவர் வைக்கவில்லை. பின்னால் கிரஷர் சத்தம் கேட்டது.

"அந்தப் பழைய ஃபைலு... போனது போனதுதானே?"

"உங்க மெஷின்ல இல்ல சார்."



"அப்ப எங்க இருக்கு?"

"இந்நேரம் ஸ்டேஷன்ல இருக்கும் சார்."

அவருக்குப் பின்னால் பெல்ட் ஒன்றின் சத்தம் நின்றது. யாரோ அடியில் வேலை பார்க்கப் போகிறார்கள். புது ஃபிட்டர் யார், துண்டை எங்கே தொங்கவிட்டிருக்கிறார், இப்போது பேனலுக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் பெல்ட் மறுபடி ஓடும் சத்தம் கேட்டது. அடியில் போனவர் வெளியே வந்துவிட்டாரா என்று தெரிவதற்குள் லைன் போய்விட்டது.